கால்களுக்குத் தளையிடுக

பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். நான் நேரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை, தம்பி. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். விழா நான்கு மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். பத்து நிமிடம் கடந்தும் மேடையில் ஒலிவாங்கியைத் தட்டி ஊதிக்கொண்டிருந்தார்கள். வெயில் அப்படியே நின்றது.

உங்கள் காலடியில் கிடக்கும் அந்தப் பொருளைப் பார்த்ததும் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சற்று ஒழுங்காகச் சாய்த்து வையுங்கள்; நடத்துநர் இரண்டு முறை இடறிவிட்டார். கேமரா ஸ்டாண்டு என்றா சொன்னீர்கள்? முக்காலி என்று அதற்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. சரி, உங்கள் தொழில், உங்கள் சொல். தொப்பூர்க் கணவாயில் லாரி சாய்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து வழி விடமாட்டார்கள். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

நாங்கள் இருப்பது தருமபுரிக்கு வடக்கே, நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. வயல் முழுவதும் மனையான பிறகும் வயல்காரருடைய கிணறு மட்டும் மிஞ்சிவிட்டது. எழுபது அடி ஆழம். உள்ளே சுவரை ஒட்டிக் கற்படிகள், பாதிக்கு மேல் உடைந்தவை. அதைச் சுற்றிப் பூங்கா என்று ஒன்றை அமைத்தார்கள். சென்ற கார்த்திகை மழையில் கைப்பிடிச்சுவர் ஒரு பக்கம் சரிந்தது. எங்களுக்குப் பால் ஊற்றும் தீர்த்தகிரியின் சினைப்பசு அந்த இடைவெளி வழியாக உள்ளே விழுந்தது. இருபது பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிறு சுவர் விளிம்பில் தேய்ந்து அறுந்தது. பசு இறந்தது.

தீர்த்தகிரி அழவில்லை. "மாடு போனாப் போவுதுங்க. நாளைக்கு ஒரு புள்ள விழுந்தா இதே கயித்தத்தான் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் நலச் சங்கத்துக்கு அறிவு பிறந்தது.

சங்கத்தின் தலைவன் வேடியப்பன். மனை வாங்கி விற்கிறவன். என் மாணவன். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள், அவற்றுள் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியை. இவன் பத்தாம் வகுப்பில் "விசை என்றால் என்ன?" என்ற வினாவுக்கு "சுவிட்சு" என்று விடை எழுதியவன். அகராதியில் அப்படியும் ஒரு பொருள் உண்டு. ஆயினும் நான் மதிப்பெண் போடவில்லை.

அவன் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளிடம் கேட்டு, கிணற்றில் விழுந்தவரை மேலே எடுக்கும் முக்காலி ஒன்றை வரவழைத்தான். அலுமினியம். விரித்து நிறுத்தினால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். தலையில் ஒரு கப்பி, கயிறுகள், ஆளை மாட்டுவதற்கு இடுப்புவார், ஒரு சங்கிலி. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கையேடு. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"டீச்சர், இத நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல எழுதிக் குடுத்துடுங்க."

எனக்கு அதைச் சொல்ல வேண்டுமா? பாடநூலுக்குக் கலைச்சொல் அமைக்கும் குழுவில் இருந்தவள் நான். பதினொரு நாள் உழைத்தேன். பதினான்கு விதிகள், ஒரே தாள், ஓர் ஆங்கிலச் சொல் இல்லை, ஓர் ஒற்றுப்பிழை இல்லை. கீழே என் பெயர். நான்காம் விதி இது: "நிறுவுமுன் கால்களுக்குத் தளையிடுக." ஏழாம் விதி: "விளைவு விசை முக்காலியின் அடித்தள எல்லைக்குள் அமைதல் இன்றியமையாதது." ஏழாம் விதிக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று.

உங்களுக்கு விளங்கவில்லை என்று முகமே சொல்கிறது. பாதகமில்லை. அந்த முக்காலியை எடுங்கள், இந்த இடைவழியில் விரியுங்கள். நடுவில் கால்களை இணைக்கும் சிறு கம்பிகள் இருக்கின்றன அல்லவா? அவை இல்லை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது தலையில் கை வைத்து நேர்கீழாக அழுத்தினால் கால்கள் என்ன செய்யும்? அகலப் பார்க்கும். மண்ணில் ஊன்றினால் மண் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தரையில் யார் பிடிப்பது? அதனால் அடியில் மூன்று கால்களையும் சுற்றி ஒரு சங்கிலியால் பிணைத்துவிட வேண்டும். அதுதான் நான்கு.

இப்போது தலையைப் பக்கவாட்டில் இழுங்கள். மெல்ல. சாய்கிறதா? கிணற்றுக்குள் தொங்கும் ஆளின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. கப்பி வழியாக வெளியே வரும் கயிற்றை மேலே நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் சரிவான ஒரே இழுப்பு. அது மூன்று கால்களுக்கு நடுவே இறங்கினால் முக்காலி நிற்கும். வெளியே போனால் கவிழும். ஆகவே கயிற்றைத் தலையிலிருந்து ஒரு காலை ஒட்டியே அடிவரை இறக்கி, அங்கே இன்னொரு கப்பியில் திருப்பிவிட்டு, அதன் பிறகு இழுக்க வேண்டும். அதுதான் ஏழு. விளங்கிவிட்டதல்லவா? எவ்வளவு எளிது பாருங்கள். இதைக்கூட விளங்கிக்கொள்ளாதவர்களை என்னவென்று சொல்வது?

ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன் என்று நான் வேடியப்பனிடம் சொன்னேன். "எல்லாம் வேலைக்குப் போற பசங்க டீச்சர். தாள ஒட்டிவெச்சா படிச்சிக்குவாங்க" என்றான். நான் வற்புறுத்தவில்லை. கேளாதவர்களுக்குக் கற்பிப்பது என் வழக்கமன்று.

பங்குனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சிறிய கதவு வழியாக உள்ளே நுழைந்தேன். பெரிய வாயிற்கதவை ஒரு புத்தம்புதுச் சங்கிலியால் சுற்றிப் பூட்டியிருந்தார்கள், மாடு வந்துவிடக் கூடாது என்று. உள்ளே கிணற்றைச் சுற்றி வேடியப்பன் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தான். விழா என்பதால் அதைக் கழுவிவிட்டு, ஈரம் காயுமுன் அதன் மேலேயே முக்காலியை நிறுத்தியிருந்தார்கள். அதன் மூன்று கால்களிலும் அடியிலிருந்து முழங்கால் உயரம் வரை வேப்பந்தழை. கொத்துக் கொத்தாக, நாரால் இறுக்கிக் கட்டி. ஓர் அறிவியல் கருவி, தம்பி. அதற்கு வேப்பிலை. எனக்கு அருவருப்பாக இருந்தது. மக்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று நினைத்தேன்.

பிறகு பதாகையைப் பார்த்தேன். "மீட்பு பணி செயல்விளக்கம்." மீட்பு, பணி. நடுவில் ஒற்று இல்லை. நாற்பது குடும்பங்களின் குழந்தைகள் படிக்கும் பதாகை. முதல் வரிசையில் அமர்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

முனிராஜ் என்ற எலக்ட்ரீசியன் அங்கே இருந்தார். தொண்டர்கள் ஆறு பேர். அவர்தான் அவர்களுக்குத் தலைவர். தாளைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயரமானவர். ஏணியில் ஏறி எழுத அவருக்குத்தான் கை எட்டும். கூப்பிட்டேன்.

"டீச்சர், இன்னும் ரெண்டு வரி பாக்க வேண்டியிருக்குது" என்றார்.

"இது அதைவிடச் சிறிய வேலை" என்றேன்.

கறுப்பு மை தேடி, ஏணி தேடி, அந்தப் 'ப்' என்னும் எழுத்தைப் போட்டு இறங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அழகாகவே எழுதினார்; புள்ளிகூட வட்டமாக இருந்தது.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் மற்ற ஐவரும் கயிற்றைக் கப்பியில் போட்டு முடித்துவிட்டார்கள். முதலில் மணல் மூட்டையை இறக்கிச் சோதிக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. "மூட்டையத் தூக்கறத யாரு பாப்பாங்க?" என்றான் வேடியப்பன். தீர்த்தகிரி தாமாகவே இடுப்புவாரை மாட்டிக்கொண்டு நின்றார். அவர் ஐம்பது கிலோகூட இருக்கமாட்டார். அவருடைய மனைவி பச்சையம்மா பால் கேனோடு ஓரமாக நின்றிருந்தாள்.

"உனக்கு எதுக்குய்யா இந்த வேல? கறவ நேரம்."

"அஞ்சு நிமிசம். நம்ம பசுவுக்குக் கெடைக்காத வண்டி எனக்குக் கெடைச்சிருக்குது. ஏறிப் பாத்துட்டு வரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரை இறக்கினார்கள். இறக்கும்போது ஆட்கள் முக்காலியை ஒட்டியே நின்று கயிற்றை விட்டார்கள்; அதனால் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் நான் காலடியைப் பார்த்தேன். தழை இருந்தது. பிணைப்பு எதுவும் இல்லை.

நான் எழுந்து மேடையருகே சென்று, மரியாதையாக, "வேடியப்பா, நான்காவது செய்யப்படவில்லை" என்றேன்.

அவன் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தான். "நாலாவது நன்றியுரை டீச்சர். அது கடைசிலதான். ரெண்டு நிமிசம் உக்காருங்க."

நான் சென்று அமர்ந்தேன். கூட்டத்தில் கூச்சலிடுவது என் வழக்கமன்று. என் பதவியில் இருந்த எவரும் அப்படிச் செய்திருக்கமாட்டார்கள். நீங்கள் ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

மேலே இழுக்கும் நேரம் வந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பி இழுத்தால்தான் படத்தில் முகம் விழும் என்று வேடியப்பன் சொன்னான். ஐந்து பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி, தேர் இழுப்பதுபோல் எங்களை நோக்கி நடந்தார்கள். தலையிலிருந்து நேரே பக்கவாட்டில். ஏழாம் விதியை இதைவிட முழுமையாக ஒருவன் மீற முடியாது. முனிராஜ் ஏணியைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடி வருவதைப் பார்த்தேன். "நில்லுங்கடா" என்றார். ஒரு கால் ஈரத்தில் வழுக்கியது. சத்தமே இல்லை, தம்பி. நாற்காலியை நகர்த்துவதுபோல ஓர் ஓசை. தழையோடு வழுக்கிக்கொண்டே போனது. முக்காலி எங்கள் பக்கம் சாய்ந்தது, பிறகு கயிறு வெட்டி இழுத்ததில் திரும்பிக் கிணற்று வாயின் குறுக்கே விழுந்தது. ஐவர் கையிலிருந்தும் நழுவிய கயிறு அதன் அடியில் சிக்கிக்கொண்டது. சிக்கியதால்தான் அவர் பிழைத்தார். ஆனால் அதற்குள் பதினைந்து அடி கீழே போய்க் கற்படியில் மோதிவிட்டார். முறிந்த ஓசை மேலே கேட்டது.

தீயணைப்பு வண்டி வர ஐம்பது நிமிடம். அந்த ஐம்பது நிமிடமும் அவர் பாதிக் கிணற்றில் தொங்கினார். எல்லாரும் கயிற்றைத் தொட அஞ்சினார்கள். தொலைபேசிகள் மட்டும் உயர்ந்து நின்றன. வேடியப்பன் செய்த முதல் வேலை பதாகையைக் கழற்றியது. நான் போடச் சொன்ன ஒற்றின் மை காயக்கூட இல்லை. அருவருப்பு என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பச்சையம்மா ஈரத்திலேயே குப்புறப் படுத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள்.

"யோவ், பேசிக்கினே இரு. கண்ண மூடாத."

"என்னாத்தப் பேச."

"எதையாச்சும் பேசு. காத்தால செவல எத்தினி லிட்டரு கறந்துச்சு?"

"நாலு."

"பொய் சொல்லாத. மூணரைதான். அளந்தவ நானு."

"அரை லிட்டர நீ கன்னுக்கு விட்டிருப்ப."

"ஆமா, விட்டேன். அதுக்கென்ன இப்ப? கண்ண மூடாதன்னு சொன்னேன்."

இப்படியே ஐம்பது நிமிடம். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

தீயணைப்பு வீரர்கள் தங்கள் முக்காலியைக் கொண்டுவந்தார்கள். முதலில் டைல்ஸின் மேல் சாக்கு விரித்தார்கள். அலுவலர் தம் ஆளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "காலக் கட்டு." இரண்டே சொல். கால்கள் மூன்று, அவர் ஒருமையில் சொன்னார். ஆனாலும் அந்த ஆள் ஒரு நொடிகூடத் தயங்காமல் சங்கிலியைச் சுற்றி மாட்டினார். கயிற்றைக் காலோடு ஒட்டி இறக்கினார்கள். பதினொரு நிமிடத்தில் தீர்த்தகிரி மேலே வந்துவிட்டார். இடுப்பெலும்பும் வலத் தொடையெலும்பும் முறிந்திருந்தன.

மறுநாள் சங்கம் கூடியது. நான்காம் விதி ஏன் பின்பற்றப்படவில்லை என்று கேட்டேன். முனிராஜ் எழுந்து நின்றார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"செஞ்சோமே, டீச்சர். நீங்க எழுதுனத வரிக்கு வரி செஞ்சோம். இதோ. 'கால்களுக்குத் தளையிடுக.' காலைலயே ரெண்டு கூடை வேப்பந்தளை ஒடிச்சாந்து கட்டுனோம். டீச்சரே சாமிய நம்பறாங்களேன்னு பசங்களுக்கு ஒரே சந்தோசம்."

எனக்குச் சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய பிறகு, "அது தழை. இது தளை. விலங்கு, பிணைப்பு. உன் காதுக்கு வேறுபாடு தெரியவில்லையா?" என்றேன்.

"நாங்க ரெண்டயும் ஒண்ணாத்தான டீச்சர் சொல்லுவோம்."

"அந்தச் சங்கிலியை எதற்கென்று நினைத்தீர்கள்?"

"பெரிய கேட்டப் பூட்டறதுக்குக் குடுத்தாங்கன்னு."

"ஏழாம் விதி?"

"அது புரியல டீச்சர். புரியாதத எப்படிச் செய்யறது? உங்களக் கேக்கலாம்னுதான் தாளோட நின்னுக்கினு இருந்தேன். நீங்க ஏணி எடுத்தாரச் சொன்னீங்க."

கூட்டத்தில் எவரோ சிரித்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் ளகரத்தையும் ழகரத்தையும் நாக்கில் ஏற்றிய ஊரில், ஒரு மனிதன் இடுப்பு முறிந்து கிடக்கும்போது, சிரித்தார்கள். வெறுத்துவிட்டது எனக்கு.

அந்த வாரமே மருத்துவமனைக்குச் சென்றேன். தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். தீர்த்தகிரி என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். பச்சையம்மா தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"டீச்சரம்மா, பசங்களத் திட்டாதீங்க. தாள எனக்கும் படிச்சிக் காட்டுனாங்க. நானுந்தான் தளை கட்டுனேன்."

"நீங்கள் ஓய்வெடுங்கள்" என்றேன்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. கறவ மாட்டுக்குப் பின்னங்காலச் சேத்துக் கட்டறாப்பல கட்டுன்னு எழுதியிருந்தீங்கன்னா நானே கட்டியிருப்பனே. தெனம் ரெண்டு வேள அந்த வேலதான எனக்கு."

பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உரைநடை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் கட்டிலில் படுத்துக்கொண்டு சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். தளை: கட்டு, கால்விலங்கு, கயிறு. எல்லாப் பொருளையும் படித்தேன். சொல்லில் பிழையில்லை, தம்பி. இன்றைக்கும் சொல்கிறேன், சொல்லில் பிழையே இல்லை.

வண்டி நகர்கிறதா? இல்லை, முன்னால் நிற்பவர் எட்டிப் பார்க்கிறார். நான் ஐந்து மணிக்குள் சேலம் சேர வேண்டும். அங்கே ஒரு குடியிருப்பில் இதே முக்காலியை வாங்கியிருக்கிறார்கள். வேடியப்பனின் மைத்துனர் அங்கே செயலாளர். இவன் எங்கள் விழாவுக்கு முன்பே பெருமையாக என் பழைய தாளை அவருக்கு அனுப்பியிருக்கிறான். நாளைக் காலையில் அவர்களுக்கு விழா. ஆளைத்தான் இறக்கப் போகிறார்களாம். தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் ரெடி மேடம், தளைக்குக்கூடச் சொல்லியாச்சு" என்றார் செயலாளர்.

இந்தக் கட்டு புதிய தாள். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வரியை வாய்விட்டுப் படியுங்கள், என் கண்ணாடி பையின் அடியில் இருக்கிறது. "கறவை மாட்டுக்குக் கட்டுவதுபோல, மூன்று காலையும் அடியில் சேர்த்துச் சங்கிலியால் கட்டு." ஆம், ஒருமையில்தான் இருக்கிறது. இடம் போதவில்லை. ஏழாம் வரியில் சற்று முன் உங்களிடம் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன். மட்டமான நடை, படித்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கீழே என் பெயர் இல்லை, கவனித்தீர்களா?

மருத்துவச் செலவுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்றா கேட்கிறீர்கள்? வேடியப்பன் பதாகைக்காரருக்கு மறுநாளே கொடுத்துத் தீர்த்தான். வேறொன்றும் தன் பையிலிருந்து கொடுக்கவில்லை. சங்கம் சித்திரை ஐந்தாம் நாள் மருத்துவமனையில் முப்பதாயிரம் கட்டியது. முனிராஜும் மற்ற ஐவரும் அதே வாரம் ஆளுக்கு மூன்று நாள் கூலியைக் கொண்டுபோய்ப் பச்சையம்மாவிடம் கொடுத்தார்கள். மீதிக்குத் தீர்த்தகிரி வைகாசிச் சந்தையில் செவலையைக் கன்றோடு விற்றார். நான் நேற்று, ஆனி மூன்றாம் நாள், இருநூறு தாளுக்கு நானூற்று இருபது ரூபாய் அச்சகத்தில் கொடுத்தேன். ரசீதை யார் பெயருக்குப் போடுவது என்று கேட்டார்கள். தீர்த்தகிரி என்று போடச் சொன்னேன். ளகரமும் ழகரமும் இல்லாத பெயர். பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள்.